அரையாப்புக்கு ஒரு எண்

கிளியனூரிலிருந்து சென்னைக்குப் போய் மெடிக்கல் கோடிங் வேலையில் சேர்ந்தவள் நான். அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்டைப் படித்து நோய்க்கு எண் போட வேண்டும். ஏ56.09 என்றால் கிளமிடியாவால் வந்த கருப்பைவாய் அழற்சி. ஏ56.11 என்றால் அதே கிருமி மேலேறி இடுப்புக்குழி வரை போய்விட்டது. தொண்டைக்கு ஒரு எண், மலக்குடலுக்கு ஒரு எண். இவ்வளவு பிரிவு எப்போது வந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் கதைக்குள் விழுந்தேன்.

1893இல் பிரெஞ்சுக்காரர் ஜாக் பெர்தியோன் தொகுத்த பட்டியல் சாவுக்கான காரணங்களை மட்டும் எண்ணியது. ஆளைக் கொல்லாத நோய்க்கு அங்கே என்ன வேலை? 1948இல் ஆறாவது திருத்தத்தில்தான் உயிரோடு இருப்பவர்களின் நோய்களும் முறையாக உள்ளே வந்தன.

கிளமிடியாவுக்கு அப்போதும் இடம் சரியாக அமையவில்லை. 1907இல் ஜாவாவில் கண்நோயாளிகளிடம் அதைப் பார்த்திருந்தார்கள். ஆனால் செல்லுக்குள் ஒளிந்து வாழ்வதால் வைரஸ் என்றே பல காலம் நம்பினார்கள். பாக்டீரியா என்பது 1960களில்தான் உறுதியானது. ஐசிடியின் ஒன்பதாவது திருத்தத்தில் 099.1 என்பது இடுப்பு மடிப்பில் நெறிகட்டும் வகைக்கு. அடுத்து 099.4: ‘கொனோரியா அல்லாத பிற சிறுநீர்க்குழாய் அழற்சி’. எது இல்லை என்பதை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்! அதுவும் ஆம்பளை உடம்பை மனசில் வைத்து. பெரும்பாலான பெண்களுக்கு இந்தத் தொற்று அறிகுறியே காட்டாது. ஏ56 என்று தனி வீடு கிடைத்தது 1990இல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தத்தில்.

நம்மிடம் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. சித்த நூல்கள் நோய்களை 4448 என்று கணக்கிட்டவை. மேகம், வெட்டை, வெள்ளை. தொடையிடுக்கில் கட்டி வந்தால் அரையாப்பு. ஆனால் எங்கள் கிழக்கே மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் நிற்கிற ஒருத்தி அடிவயிறு வலிக்கிறது என்றால், ‘சூடு பிடிச்சிருக்கும், மோர் குடி’ என்பதோடு முடிந்துவிடும். உப்பளச் சூடு பொய்யில்லைதான். அதனால்தான் அதற்குப் பின்னால் வேறொன்று வசதியாக ஒளிந்துகொள்கிறது.

நம் அரசு மருத்துவமனைகளின் சுரக்ஷா கிளினிக்குகளில் எண்ணுக்குப் பதில் நிறம். ஆய்வகப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் அறிகுறியைப் பார்த்தே மருந்துப்பெட்டி கொடுக்கும் முறை. சாம்பல் பெட்டியில் அசித்ரோமைசின், செஃபிக்ஸிம்: கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் ஒரே வீச்சு. அடிவயிற்று வலிக்கு மஞ்சள். அரையாப்புக்குக் கறுப்பு, டாக்ஸிசைக்ளின் 21 நாள். பஸ் பிடித்து மறுபடி ரிப்போர்ட் வாங்க வரமுடியாத ஆளுக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். சிக்கல், வலியே இல்லாதவளுக்கு எந்தப் பெட்டியும் இல்லை. அமெரிக்காவில் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட, பாலுறவில் இருக்கும் பெண்களுக்கு வருடாவருடம் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அந்தப் பரிசோதனைக்கே ஒரு எண் உண்டு, நானே எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். இங்கே அதே பெண் பல வருஷம் கழித்துக் குழந்தையில்லை என்று வந்து, கருக்குழாய் அடைப்பு எனத் தெரிந்தால் விழுவது என்97.1. கிருமியின் பெயர் அந்த எண்ணில் இருக்காது. ஊரில் அவளுக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

2022இல் ஐசிடி பதினொன்று நடைமுறைக்கு வந்தது. ஏ56 இப்போது 1ஏ81. 2024 ஜனவரியில் டெல்லியில் அதன் புதிய பகுதி ஒன்றை வெளியிட்டார்கள். ஆயுர்வேதம், யுனானியோடு சித்த மருத்துவ நோய்களுக்கும் அதில் எண் கொடுத்திருக்கிறார்கள்.