தொலைபேசிக் கம்பிகளில் குறுக்கொலி: தொடக்ககாலத் தடுப்பு முயற்சிகள்

1876இல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றபோது அதற்கெனத் தனிக் கம்பி முறை எதுவும் உருவாகியிருக்கவில்லை. தந்திக்கு வழங்கிய முறையே மேற்கொள்ளப்பட்டது. கம்பங்களின்மீது ஒற்றை இரும்புக் கம்பி சென்றது. மின்னோட்டம் நிலத்தின் வழியே திரும்பிற்று. தந்திக் கருவிக்கு இது போதும். தொலைபேசியோ மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் ஒலியாக்கிவிடும். ஆகவே அருகில் சென்ற தந்திக் கம்பிகளின் தட்டொலியும் அயலார் உரையாடலும் பேசுவோர் செவியில் கலந்து விழுந்தன. கருவியின் நுண்மையே அதற்கு இடையூறாயிற்று எனலாம்.

நிலத்தை விடுத்துத் திரும்புவதற்கும் ஒரு கம்பி அமைப்பதே தீர்வு என்பது விரைவிலேயே உணரப்பட்டது. இலண்டனில் டேவிட் ஹியூஸ் இத்தகைய தூண்டலைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்து 1879இல் வெளியிட்டார். இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி அமைக்கும் முறைக்குப் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார். முறுக்கினால் இரண்டும் புறக்கம்பியிலிருந்து சராசரியாக ஒரே தொலைவில் அமையும். அவற்றில் எழும் தூண்டல்கள் சமமாகி ஒன்றையொன்று நீக்கிவிடும்.

வழி தெரிந்தும் நடைமுறை பின்தங்கியதற்குச் செலவே காரணம். கம்பி இரட்டித்தால் முதலீடும் பெருகும். 1884இல் பாஸ்டன் – நியூயார்க் நெடுந்தொலைவுத் தடம் இரட்டைச் செப்புக் கம்பிகளால் அமைந்தது. நகர்த் தடங்களிலோ ஒற்றைக் கம்பியே நீடித்தது.

தூண்டலின் தன்மை குறித்தும் தெளிவு தேவைப்பட்டது. காந்தத் தூண்டலே இரைச்சலுக்குக் காரணம் எனப் பலரும் கருதினர். பாஸ்டன் இணைப்பகத்தில் பணியைத் தொடங்கிய ஜான் கார்ட்டி, 1889இல் நியூயார்க்கில் மாற்றுக் கருத்தை முன்வைத்தார். இருமுனையும் நிலத்தில் இணைந்த கம்பியின் முனைகளில் இரைச்சல் கேட்டது; நடுவில் வைத்த கேட்பியோ ஊமையாயிருந்தது. காந்தத் தூண்டலாயின் கம்பி முழுவதும் ஒரே மின்னோட்டம் ஓடி, நடுவிலும் ஒலி கேட்டிருக்க வேண்டும். ஆகவே முதன்மைக் காரணம் நிலைமின் தூண்டலே என அவர் முடிவு செய்தார். மிக எளிய சோதனை. கருத்துப் பூசலைத் தீர்க்க அதுவே போதுமானதாயிற்று.

இதற்கிடையே மின்டிராம்கள் பெருகின. அவற்றின் மின்னோட்டமும் தண்டவாளத்தின் வழியே நிலத்தில் பரவியதால் ஒற்றைக் கம்பித் தொலைபேசிகள் பயனற்றுப் போயின. சின்சினாட்டி நகரில் எழுந்த வழக்கில் தொலைபேசித் தரப்பு டிராமுக்குத் தடை கோரியது. தெருவின் முதன்மைப் பயன் போக்குவரத்தே எனக் கூறி, 1891இல் ஒகையோ மாநில உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. அதன்பின் தொலைபேசியார் அத்தெருக்களில் நிலத்தை நம்பியிருக்க இயலவில்லை. இரண்டாம் கம்பியைத் தம் செலவிலேயே இழுக்க வேண்டியதாயிற்று.