இரைச்சல் எண்டு சொல்லப்பட்ட வானம்

வானத்தைப் பார்க்கிறது எண்டவுடன் எங்களுக்குக் கண்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி, மின்காந்த அலைகளில் ஒரு சின்னத் துண்டு மட்டுமே. கலிலியோவுக்குப் பிறகு முந்நூறு வருசம் தொலைநோக்கிகள் பெரும்பாலும் அந்தத் துண்டுக்குள்ளேயே நின்றன.

வானொலி அலைகளில் வானத்தை முதலில் ‘கேட்டவர்’ வானியலாளர் இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த கார்ல் ஜான்ஸ்கி. அத்திலாந்திக்கைக் கடக்கும் தொலைபேசி அழைப்புகளைக் குழப்பும் இரைச்சல் எங்கிருந்து வருகுது எண்டு கண்டுபிடிக்கச் சொல்லித்தான் அவரை விட்டார்கள். நியூ ஜேர்சியில், போர்ட் காரின் நாலு சில்லுகளில் சுழலும் அன்டெனா ஒன்றைக் கட்டினார்.

கிட்ட இடிக்கிற இடி, தூரத்து இடி இரண்டையும் கழித்த பிறகும் ஒரு மெல்லிய சீறல் மிஞ்சியது. அது 23 மணித்தியாலம் 56 நிமிடத்துக்கு ஒருக்கா உச்சத்துக்கு வந்தது. சூரியனிலிருந்து வந்தால் 24 மணித்தியாலம் ஆகவேண்டும். நாலு நிமிடம் முந்தி வருவது நட்சத்திரங்கள்தான். பால்வீதியின் மையத் திசையிலிருந்து அது வருகிறது என்று 1933இல் அறிவித்தார்.

கம்பனி தனக்குத் தேவையான பதிலை எடுத்துக்கொண்டு அவரை வேறு வேலைக்கு மாற்றியது. வானியலாளர்களும் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. 1937இல் குரோட் ரேபர் என்பவர் இலினோயில் வீட்டு வளவுக்குள், சொந்தக் காசில், 9 மீற்றருக்கு மேல் அகலமான கிண்ண அன்டெனா கட்டித் தேடலைத் தொடர்ந்தார்.

ஜான்ஸ்கி 1950இல், 44 வயதில் இறந்தார். இண்டைக்கு வானொலி வானியலில் ஓர் அளவீட்டு அலகுக்கே அவருடைய பெயர்.

தொலைபேசிக் கம்பனிக்கு இரைச்சலாக இருந்தது பால்வீதியின் குரல். வேறு எதையெல்லாம், யாருடைய வசதிக்காக, நாங்கள் இரைச்சல் எண்டு ஒதுக்கி வைத்திருக்கிறம்?