காத்திருந்து கண்ட படங்கள்

தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே இருப்புப்பாதையோரம் அமைந்த பூதலூர் போன்ற காவிரிப் பாசன ஊர்களின் சினிமா சரித்திரத்தை ஆராய்வோர்க்கு, புதுப்படத்தை உடனே அரங்கில் காண்பதா, வீடு தேடி வரும்வரை பொறுப்பதா என்று இன்று எழும் விவாதம் அத்தனை நூதனமாகத் தோன்றாது. 1905-இல் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து சலனப்பட இயந்திரத்தை விலைக்கு வாங்கி, கூடாரமடித்துப் படங்காட்டப் புறப்பட்ட காலந்தொட்டு, கிராமத்து ஜனங்கள் படத்தைத் தேடிப் போனதைவிட, அது தம்மைத் தேடி வரக் காத்திருந்ததே அதிகம். பிரதிகள் சொற்பமாயிருந்தமையால், நகரக் கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த பின்னரே அவை டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர்ந்தன; இயந்திரம் ஒன்றே ஆகையால் சுருள் மாற்றுந்தோறும் இடைவேளை விடவேண்டியிருந்தது; எனினும் தரை டிக்கெட்டின் மணலில் ஊரே கூடி அமர்ந்த உற்சாகத்தில் அத்தாமதம் பெருங்குறையாகத் தோன்றவில்லை போலும்.

பின்னர் தொலைக்காட்சியும் வீடியோ கேசட்டும் வீட்டுக்குள் பிரவேசித்தன. 2013-இல் ‘விஸ்வரூபம்’ படத்தை டி.டி.எச். வழியே முன்னதாக வெளியிட முயன்ற கமல்ஹாசன், திரையரங்க உரிமையாளர்களின் எதிர்ப்பால் அதைக் கைவிட நேர்ந்தது. 2020 மே 29 அன்று, கொள்ளைநோய் அரங்குகளை மூடியிருந்த வேளையில், ‘பொன்மகள் வந்தாள்’ நேரே இணையவழி வெளியாயிற்று. காத்திருத்தல் இவ்வூர்களுக்குப் பழைய வழக்கமே. அன்று அதனை ஊராகக் கூடிச் செய்ததும், இன்று வீட்டளவில் செய்வதுமே இரு காலங்களுக்குமுள்ள பேதம்.