கோபுரமும் வலம்புரிச் சங்கும்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு மூலையில் கூடலூரையும் லோயர் கேம்ப்பையும் கடந்து மலைச்சாலையில் ஏறினால் குமுளி வருகிறது. அங்கே சாலை ஒன்றுதான், ஆட்சி இரண்டு. இப்புறத்து அரசு அலுவலகப் பலகையில் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. அப்புறத்துப் பலகையில் வலம்புரிச் சங்கை இரு யானைகள் காவல் காக்கின்றன. இரண்டிலும் சாரநாத்துச் சிங்கங்கள் இடம் பெற்றிருக்கின்றன. நாள்தோறும் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் எளிய மக்கள் இச்சின்னங்களை ஏறிட்டுப் பார்ப்பதுகூட இல்லை. ஆயினும் அவர்களது வாழ்வின் வரலாறு இவற்றில் அடங்கிக் கிடக்கிறது.

சின்னம் பொறிக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சேரரின் வில்லையும் சோழரின் புலியையும் பாண்டியரின் கயலையும் அறியாத தமிழர் உண்டோ? இராசேந்திர சோழனின் செப்பேட்டு முத்திரையில் புலியுடன் கயலும் வில்லும் சேர்த்தே பொறிக்கப்பட்டுள்ளன. தோற்ற வேந்தரின் அடையாளங்களை வென்றவன் தன் முத்திரைக்குள் கொண்டுவந்து அடக்கிக்கொண்டான். ஐரோப்பாவிலோ பன்னிரண்டாம் நூற்றாண்டில் இக்கலை தழைத்தது. கவசம் பூண்ட வீரனின் முகம் தெரியாதாகையால், அவன் இன்னான் எனக் கேடயத்தின் குறியே உரைத்தது. பின்னர் திருச்சபையும் இவ்வழக்கத்தை ஏற்றது. நம் ஆயர்களின் விருதுச் சின்னத்தில் கேடயத்திற்கு மேல் பச்சைத் தொப்பியும், பக்கத்திற்கு ஆறு குஞ்சங்களும், அடியில் விருதுவாக்கும் அமைந்திருப்பதைக் காண்கிறோம். போர்க்களத்தில் பிறந்த கேடயம் மேய்ப்புப் பணியின் அடையாளமாக மாறியது எண்ணி மகிழத்தக்கதே.

ஆங்கிலேயர் தம் சின்னத்தை நம் மண்ணுக்கு முதலில் கொண்டுவந்தது வணிகத்தின் வழியாகத்தான். சென்னை மாகாணத்திற்கென 1803-இல் அச்சிடப்பட்ட செப்புக் காசுகளில் கிழக்கிந்தியக் கும்பினியின் விருதுச் சின்னம் இடம்பெற்றது. காசில் பொறித்த உருவம் யாருடையது என நம் ஆண்டவர் வினவிய காட்சி இங்கே நினைவுக்கு வருகிறது. காசின்மேல் எவன் சின்னம் உள்ளதோ அவனே வரி தண்டுகிறான். இதை அறிய அரசியல் நூல் எதுவும் தேவையில்லை.

1877 சனவரி முதல் நாள் தில்லியில் நடந்த பேரவையில் விக்டோரியா அரசியார் இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். அவ்வமயம் வைசிராய் லிட்டன் பிரபு இந்திய மன்னர்களுக்குப் பட்டுக் கொடிகளை வழங்கினார். அவற்றில் ஒவ்வொரு மன்னருக்குமென ஐரோப்பிய முறையில் கேடயச் சின்னங்களை வகுத்தவர் இராபர்ட் டெய்லர் என்னும் வங்காள சிவில் பணி அலுவலர். முன்பே தமக்கெனக் கொடியும் முத்திரையும் கொண்டிருந்த மன்னர்களுக்கு அயலவர் ஒருவர் அடையாளம் வழங்கினார்! அளிப்பவன் மேலோன், பெறுபவன் கீழோன் என்பதை அந்தப் பட்டுத்துணி ஓசையின்றி உணர்த்திற்று. ஆயினும் திருவிதாங்கூர் அரசு தன் பழைய சங்கைக் கைவிடவில்லை. தருமமே எம் குலதெய்வம் எனப் பொருள்படும் வடமொழித் தொடர் அவ்வரசின் விருதுவாக்காக விளங்கியது.

இச்சங்கும் அந்த மணிமுடியும் 1886 அக்டோபர் 29 அன்று ஓர் ஆவணத்தில் சந்தித்தன. அதன்படி திருவிதாங்கூர் மன்னர் பெரியாற்றுப் பகுதியில் 8000 ஏக்கர் நிலத்தை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்கு ஆங்கில அரசுக்குக் குத்தகைக்கு விட்டார். 1895-இல் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, நம் வயல்களை நனைத்து வைகையைச் சேர்ந்தது. 1947-இல் மணிமுடி அகன்றது. 1949-இல் திருவிதாங்கூர் கொச்சியுடன் இணைந்தது. 1956-இல் கேரளம் பிறந்தது. முத்திரையிட்ட அரசுகள் மறைந்தன. நீரும் அதைப் பற்றிய வழக்கும் எஞ்சின.

அதே 1949-இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு கோபுரச் சின்னத்தை ஏற்றது. வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். வருசநாட்டு மலைக்கு அப்பால் உள்ள திருவில்லிபுத்தூர்க் கோபுரமே அது என்பது பொதுவழக்கு; மதுரைக் கோயிலின் மேலைக் கோபுரமே என்போரும் உளர். இரண்டும் நமக்கு அயலூர்கள் அல்ல.

இங்கே நம்மவர் சிலர் உள்ளத்தில் ஒரு வினா எழக்கூடும். எச்சமயத்தையும் சாராத அரசு ஒரு கோயிற் கோபுரத்தைச் சின்னமாகக் கொள்வது முறையா? கிறிஸ்தவக் குடும்பத்தின் குடும்ப அட்டையிலும் அதுவே இருக்கிறதே? வினா நேர்மையானது, அதை அடக்கிவிடத் தேவையில்லை. ஆனால் கோபுரத்தை எழுப்பிய சிற்பியின் கைத்திறனும், தொலைவிலிருந்து வரும் வழிப்போக்கனுக்கு ஊர் இருக்கிறது எனக் காட்டும் அதன் உயரமும் தமிழர் அனைவரின் உடைமை. அந்நிழலில் நாமும் வளர்ந்தோம். அதைப் பொதுச்சொத்தாக ஏற்பதால் நம் விசுவாசம் குன்றாது. பொதுவெனப்பட்டது எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கிறதா என விழித்திருப்பதும் நம் கடமையே. அண்ணாவின் ஆட்சி, சின்னத்தின் வடமொழித் தொடரை 'வாய்மையே வெல்லும்' எனத் தமிழாக்கியது. 1969 சனவரி 14 அன்று மாநிலத்தின் பெயரும் தமிழ்நாடாயிற்று. மக்கள் தம் மொழியில் படிக்கும்போதுதான் சின்னம் அவர்களுடையதாகிறது.

அரசாணை இன்றி மக்களே படைத்துக்கொண்ட சின்னமும் நம் பள்ளத்தாக்கில் உண்டு. அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்கின் படம் எத்தனையோ உழவர் இல்லங்களில் தெய்வப் படங்களோடு தொங்குகிறது. அவர் பிறந்த சனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். 2013-இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையமும் அவர் பெயர் தாங்குகிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு இங்கிலாந்தில், அவர் இறுதிக்காலத்தில் வாழ்ந்த கேம்பர்லியிலேயே சிலை நிறுவியது. ஒரு காலத்தில் அங்கிருந்து சின்னங்கள் இங்கே வந்தன. இப்போது இங்கிருந்து நன்றி அங்கே சென்றிருக்கிறது. அதே அணைக்காகக் காட்டில் நோய்க்கு இரையான பெயரறியாத் தொழிலாளர்களுக்கும் அந்நன்றியில் பங்கு இருக்கவேண்டும் அன்றோ?

142 அடி நீர்மட்டத்தை உச்ச நீதிமன்றம் 2014-இல் உறுதிசெய்தது. ஆயினும் மலைக்கு அப்பால் வாழ்வோரின் அச்சமும் இப்பால் வாழ்வோரின் தாகமும் தீர்ந்தபாடில்லை. இரண்டும் மனிதருடையவை. வாய்மை வெல்லும் என்னும் வாக்கு நம் மாநிலச் சின்னத்தில் மட்டுமன்று, இரு மாநிலத்தார்க்கும் பொதுவான நாட்டுச் சின்னத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. கோபுரம் வெல்லும் என்றோ சங்கு வெல்லும் என்றோ எவரும் எழுதி வைக்கவில்லை. எல்லையின் இருபுறத்தாரும் தத்தம் பலகையை நிமிர்ந்து நோக்கி அவ்வாக்கை ஒருமுறை நிதானமாகப் படித்தால், அயலானின் அச்சத்தையும் தாகத்தையும் செவிமடுக்கும் பொறுமை நமக்கு வாய்க்கும்.