எழுபது வயதில் ஐந்து ஷில்லிங்

பால் வாளி தூக்கிய கை தளர்ந்த பிறகு அந்தக் கைக்குச் சோறு போடுவது யார்? பெற்ற பிள்ளை என்று உடனே சொல்லிவிடுவோம். அந்தப் பிள்ளையும் அன்றாடக் கூலியாக இருந்தால்? இதற்கு நாடுகள் கண்ட வழிகள் வேறு வேறு.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் உழைக்க முடியாத ஏழை முதியவர் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் ஏழையர் விடுதி. ஆணும் பெண்ணும் தனித்தனிப் பகுதி. முதிய தம்பதியரைக்கூடப் பெரும்பாலும் பிரித்தே வைத்தார்கள். அங்கே போவதைவிடப் பட்டினி மேல் என்று எண்ணியவர் பலர்.

ஜெர்மனி 1889இல் முதியோர் காப்புறுதிச் சட்டம் செய்தது. தொழிலாளியும் முதலாளியும் பணம் கட்ட, அரசும் சேர்த்துக் கொடுத்தது. பிரிட்டன் 1908இல் செய்த சட்டம் இன்னும் ஒரு படி தாண்டியது. ஒரு பென்னிகூடக் கட்டாதவருக்கும் 70 வயதானால், வருமானம் குறைவாக இருந்தால், வாரம் 5 ஷில்லிங். 1909 ஜனவரி முதல் நாளில் தபால் நிலையங்களில் அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். எழுபது வயது என்று வைத்ததில் கஞ்சத்தனம் இருந்தது. அந்த வயதைக் காணாமலே மாண்ட தொழிலாளிகள் ஏராளம். தொகையும் ஒருவர் பிழைக்கப் போதாது. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. அதுவும் சாகும்வரை வாராவாரம். முதலில் வாங்கியவர்களில் பெண்களே அதிகம். மகன் வீட்டு மூலையில் கிடந்த கிழவி, வாடகைக்கென்று ஒரு ஷில்லிங்கை எடுத்து வைக்க முடிந்தது. இது சிறிய காரியமா?

அதே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் மலாயாவில் என்ன நடந்தது? 1907இல் இங்கே குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டது. வேலை வாங்கும் இந்தியத் தொழிலாளர் கணக்குப்படி தோட்ட முதலாளிகள் அதற்குப் பணம் கட்டினார்கள். ஆளைக் கப்பலில் கொண்டுவருவது அந்த நிதியில்தான். உழைக்க முடியாமல் போனவரை ஊருக்குத் திருப்பி அனுப்பியதும் அந்த நிதியில்தான். லண்டனில் முதுமைக்குத் தபால் நிலையம், மலாயாவில் முதுமைக்குக் கப்பல். முப்பது ஆண்டு கழித்து ஊர் திரும்பியவரை அங்கே யார் அடையாளம் கண்டிருப்பார்கள்?

1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. சம்பளத்தில் வெள்ளிக்கு 5 காசு தொழிலாளி, 5 காசு முதலாளி. 55 வயதில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கூலி இல்லை, அன்றைக்குச் சேமிப்பும் இல்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில ஆண்டு வீட்டிலிருந்த பெண்ணுக்கு அந்த ஆண்டுகள் வெறும் கோடு. 1920களில் வந்து, 1951க்கு முன்பே உழைத்துத் தேய்ந்தவருக்கு அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. லயத்து வீடோ தோட்டத்துக்குச் சொந்தம். வேலை விட்டால் வீட்டையும் விட வேண்டும். கைக்கு வந்த பணம் மகள் கல்யாணத்துக்கும் தலைக்குமேல் ஒரு கூரைக்கும் போனால் மிச்சம் என்ன? அரசாங்க உத்தியோகத்தரோ உயிருள்ளவரை மாதாமாதம் ஓய்வூதியம் வாங்கினார்.

கூலியில் இருந்த ஏற்றத்தாழ்வு இப்படித்தான் முதுமைக்குள்ளும் நுழைந்தது. சிங்கப்பூரும் 1955இல் இதே வகையில் மத்திய சேமநிதியைத் தொடங்கியது. வாழ்நாளெல்லாம் குறைந்த சம்பளம் வாங்கியவரின் கணக்கு முதுமையிலும் மெலிந்தே இருந்தது. அதனால் 2016 முதல் 65 வயதைக் கடந்த அத்தகையோருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசே ஒரு தொகை கொடுக்கிறது. சேமநிதிக் கணக்கையும் வீட்டையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து அரசே ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. மனுப் போட வேண்டியதில்லை.

மலேசியாவில் ஓய்வு வயது 2013இல் 60 ஆயிற்று. ஆதரவற்ற ஏழை முதியோருக்குச் சமூக நலத்துறை மாத உதவியும் தருகிறது. அதற்கு மனு எழுத வேண்டும். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பக்கத்து வீட்டில் படிக்கும் பிள்ளைதான் எழுதிக் கொடுக்கிறது.