ஆற்றுப்படுத்தல்: தர்மபுரத்தை முன்வைத்து வன்னியின் உளவளத்துணை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்களாகும். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையுற்று எதிர்ப்படும் பிறிதொரு கலைஞனுக்குத் தான் நடந்த வழியையும் தான் பெற்ற பேற்றையும் எடுத்துரைத்து, அவனை அவ்வழியிற் செலுத்துவதே இவ்விலக்கிய வகையின் பொதுவமைப்பு. வழிகாட்டுவோன் அவ்வழியே நடந்து வந்தவன். நேற்றுவரை அதே பசியை அறிந்தவன். அவன் சொல்லுக்கு வலிமை தருவதும் இதுவேயாகும். ஈழத்துத் தமிழில் அண்மைத் தசாப்தங்களில் உளம் நொந்தோர்க்குத் துணைநிற்கும் தொழில் சீர்மியம் என்றும், உளவளத்துணை என்றும், ஆற்றுப்படுத்தல் என்றும் வழங்கலாயிற்று. இவற்றுள் இறுதிச் சொல், வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றோடு ஒப்புநோக்குமிடத்து, மிகுந்த பொருத்தமுடையதாகக் காணப்படுகின்றது.

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கு மேற்கே அமைந்துள்ள தர்மபுரம், இடப்பெயர்வுகளாற் பெருகிய ஊர்களுள் ஒன்று. 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் வன்னியின் குடியேற்றங்கள் பலவற்றில் நிலைகொண்டன. தர்மபுரமும் அத்தகையோர்க்கு இடமளித்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்தபோதும், 1996இற் கிளிநொச்சி நகரம் போர்க்களமானபோதும் இடம்பெயர்ந்தோர் பெருந்தொகையினராக வன்னியின் உட்பகுதிகளை அடைந்தனர். ஆதலின் இப்பகுதியின் உளநல வரலாறு ஒரு நிகழ்வின் விளைவை மட்டும் கூறுவதன்று. ஓரிழப்பு ஆறுமுன் மற்றோரிழப்பு வந்தடைந்த மக்களின் வரலாறாகவே அது நோக்கற்பாலது.

மேலைத்தேய உளவளத்துணை பிறிதொரு சூழலில் உருவாகியது. கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலின் வழியே, ஆலோசனை கூறுவதினும் செவிமடுத்தலே முதன்மையானது என்னும் கொள்கை பரவியது. நாடி வருபவரை நிபந்தனையின்றி ஏற்றல், அவர் நிலையில் நின்று உணர்தல், உண்மையாயிருத்தல் என்பன அதன் அடிப்படைகள். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் மனவடுவுக்குப் பிற்பட்ட நெருக்கீட்டு நோயைத் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. இவ்விரு மரபுகளும் பயன்மிக்கனவெனினும், இரண்டு எடுகோள்களைத் தம்முட் கொண்டிருந்தன. துன்புறுபவர் தனியாள் என்பது ஒன்று. துன்பம் நிகழ்ந்து முடிந்துவிட்டது என்பது மற்றொன்று. வன்னியில் இவ்விரண்டும் பொருந்தவில்லை. துன்புற்றது குடும்பமும் ஊருமாகும், துன்பமோ முடிந்தபாடில்லை.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்தியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 1993இல் வெளிவந்த 'மனவடு' என்னும் நூலும், பின்னர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுகளும் போரின் உளப்பாதிப்பை விளக்கின. தனியாளின் நோயாக மட்டுமன்றி, உறவும் நம்பிக்கையும் ஊர்வழக்கங்களும் ஒருங்கே சிதையும் கூட்டு மனவடுவாகவும் அதனைக் காணவேண்டும் என்பது அவர் முடிபு. 1987இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய சாந்திகம் உளவளத்துணையாளரைப் பயிற்றும் பணியை மேற்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் அகதிகளின் உளநலம் குறித்து வெளியிட்ட கைநூலைத் தழுவி, தமிழ்ச் சமுதாயத்துக்கேற்ற கைநூலொன்றைச் சோமசுந்தரமும் சா. சிவயோகனும் 2000இல் ஆக்கினர். அரங்கும் இம்முயற்சியிற் பங்கேற்றது, குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போரினால் விளைந்த உளவடுவையே பொருளாகக் கொண்ட நாடகமாகும்.

வடபகுதி முழுவதற்குமே விரல்விட்டு எண்ணத்தக்க உளமருத்துவர்களே இருந்த காலத்தில், பயிற்சி பெற்ற ஆசிரியர்களே இப்பணியின் பெருஞ்சுமையைத் தாங்கினர். வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடையே உள்ளூர் ஆசிரிய ஆலோசகர்கள் நடத்தி, 2009இல் வெளியான ஆய்வொன்று, 92 வீதமானோர் குண்டுவீச்சு, எறிகணை, உற்றாரின் மரணம் முதலிய கொடிய அனுபவங்களுக்கு உட்பட்டிருந்தனர் என்றும், நால்வரில் ஒருவரிடம் மனவடு நோயின் அறிகுறிகள் நிறைந்திருந்தன என்றும் காட்டியது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் 31 பிள்ளைகளிடையே இருவகைச் சிகிச்சைகள் ஒப்பிடப்பட்டன. வாழ்க்கைக் கதையை ஒழுங்குபடக் கூறச்செய்யும் முறை ஒன்று. தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொண்ட முறை மற்றொன்று. ஆறு மாதங்களின் பின்னர் முன்னதில் 81 வீதமானோரும் பின்னதில் 71 வீதமானோரும் தேறியிருந்தனர். தொகை சிறிது, காலப்போக்கில் இயல்பாகவே தேறியோரும் இவருள் இருத்தல்கூடும். எனினும், இரு முறைகளையும் கையாண்டவர்கள் உள்ளூரிற் பயிற்றப்பட்ட ஆலோசகர்களே என்பதும், நம் மரபுக்கு அணுக்கமான முறை பெரிதும் பின்தங்கிவிடவில்லை என்பதும் கருதத்தக்கன.

மரபுவழி ஆறுதல் நெறிகளும் இவ்விடத்து நோக்கத்தக்கன. ஒப்பாரி துயருக்குக் குரல் கொடுத்தது. எட்டுச்செலவும் அந்தியேட்டியும் ஆண்டுத் திவசமும் துயருக்குக் கால எல்லைகளை வகுத்தன. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் ஊரை ஒன்றுகூட்டியது. இறந்தவரைப் பிரிந்தும் பிரியாதும் வாழ்வதற்குச் சமூகம் கண்ட வழிகள் இவை.

2008 செப்டெம்பரில் அரசின் கட்டளைப்படி சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் வன்னியை விட்டு வெளியேறின. கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் இயங்கியது. 2009 ஜனவரியில் அங்கிருந்தும் கிழக்கே பெயர நேர்ந்தது. காயமுற்றோரைப் பராமரித்த தாதியரும், பிள்ளைகளைத் தேற்றிய ஆசிரியரும் தாமே இடம்பெயர்ந்தோர், தாமே உறவினரை இழந்தோர். அதன் பின்னான மாதங்களில் இறந்தோரைப் புதைத்தற்கும் பொழுதில்லாது போயிற்று. மரபு வகுத்த துயர்நெறி யாவும் ஒருங்கே அறுந்தமை அக்காலத்தின் தனிக்கொடுமை எனலாம்.

போர் முடிந்தபின் ஏறத்தாழ 2,80,000 மக்கள் முகாம்களில் வைக்கப்பட்டனர். செட்டிகுளத்து மெனிக் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. மீள்குடியேற்றக் காலத்தில் வடக்கிற் பணியாற்றுதற்குச் சனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டியிருந்தது. கட்டடங்களுக்கு எளிதிற் கிடைத்த அவ்வனுமதி உளசமூகப் பணிகளுக்கு அங்ஙனம் கிடைக்கவில்லை. பொது நினைவேந்தல்களும் பல தடவைகள் தடுக்கப்பட்டன. அழுகை தனியறைக்குள் ஒடுங்கியபோது, கூட்டு மனவடுவுக்குக் கூட்டு மருந்து இல்லாது போயிற்று.

இவற்றினும் கடியது காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் நிலை. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலிற் போராட்டம் தொடங்கிய தாய்மாருக்கு, அந்தியேட்டி செய்தல் பிள்ளையைத் தாமே கொன்றதற்கு ஒப்பாகும். செய்யாதிருத்தலோ முடிவிலாக் காத்திருப்பு. அமெரிக்க அறிஞர் பவுலின் பொஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என்பார். இதற்கு நிறைவான முடிவு தேடாது, இழப்போடு வாழும் ஆற்றலை வளர்த்தலே துணையாளர் கடன் என்பது அவர் கருத்து. இக்கருத்து ஏற்புடையதே. ஆயினும் இயற்கையால் நேர்ந்த தெளிவின்மை வேறு; பதிலளிக்கக் கடமைப்பட்டோர் பதிலளியாமையால் நேர்ந்த தெளிவின்மை வேறு. பின்னதை உளவளத்துணையால் மட்டும் தீர்த்தல் இயலாது. "மறந்துவிடுங்கள்" என்னும் பொருள்பட ஒரு துணையாளர் பேசுவாராயின், அவர் அறியாமலே அநீதியின் பக்கம் நின்றவராவார். அத்தாய்மார் அருகருகே அமர்ந்து, ஒருவர் கதையை மற்றவர் கேட்டு வந்தமையும் ஒருவகை ஆற்றுப்படுத்தலே என்பது மறுத்தற்கரியது.

துன்பத்தினூடே மனிதர் வளரவும் கூடும் என்பதை உளவியலார் 1990களிலிருந்து வற்புறுத்தி வருகின்றனர். வன்னியில் அவ்வளர்ச்சி புலப்பட்டவிடம், துணை பெற்றவர் பிறர்க்குத் துணையாக எழுந்தவிடமேயாகும். முகாமிலிருந்து மீண்டு, தம் வகுப்பறைப் பிள்ளைகளின் மௌனத்தை இனங்கண்ட ஆசிரியர் நூலறிவால் மட்டும் அதனைச் செய்திலர். அம்மௌனம் அவர் வீட்டிலும் இருந்தது.

ஆற்றுப்படை மரபு இங்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. வழிகாட்டுவோன் வழியை நடந்தறிந்தவனாதல் வேண்டும் என்பது முதலாவது. தர்மபுரமும் அதனையொத்த ஊர்களும் அத்தகையோரைத் தம்முள்ளிருந்தே தந்துள்ளன. வழியின் முடிவிற் கதவு திறக்கும் ஊரொன்று இருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. காணாமற் போனோர் பற்றிய உண்மை வெளிப்படுதலும், இறந்தோரை நினைந்து அழும் உரிமை உறுதிப்படுதலுமே அவ்வூராகும். முதலாவதை மக்கள் நிறைவேற்றிவிட்டனர். இரண்டாவது இன்னும் நிறைவேற்றப்படவேண்டிய கடனாகவே நிற்கின்றது.