உஸ்மான் சாலை உணர்த்தும் பாடம்



பெருநாள் துணிமணி வாங்கத் தி.நகர் உஸ்மான் சாலைக்குச் சென்றிருப்பீர்கள். அச்சாலை யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதுண்டா? 1934-ல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியரான சர் முஹம்மது உஸ்மான் அவர்களே அவர். ஆயினும், நம் நலனோடு நேரடியாகத் தொடர்புடைய அவரது பணி அதற்கும் முந்தியது.

1921-ல் யூனானி, ஆயுர்வேதம், சித்தா ஆகிய மருத்துவ முறைகளை ஆராய மாகாண அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் உஸ்மான். மேலை மருத்துவமும் ஆயுர்வேதமும் கற்றறிந்த கேப்டன் சீனிவாசமூர்த்தி அதன் செயலர். ஹகீம்களும் வைத்தியர்களும் உருது, தமிழ், சமஸ்கிருதம் முதலிய மொழிகளில் தந்த கருத்துகளைக் குழு கேட்டுப் பெற்றது. 1923-ல் அறிக்கை வெளிவந்தது. அதன் பயனாக 1925-ல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. சீனிவாசமூர்த்தியே அதன் முதல் முதல்வர். அங்கு மூன்று நாட்டு மருத்துவங்களோடு மேலை முறையிலான உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் கற்பிக்கப்பட்டன.

அதே காலத்தில் தில்லியிலும் ஒரு முயற்சி நடந்தது. ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் ஆதரவில் ஆய்வைத் தொடங்கிய ஸலீமுஸ்ஸமான் சித்தீகி, 1931-ல் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஒரு மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். அது இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்தாயிற்று.

சிந்தியுங்கள்! அப்பெரியோர்கள் இரு மருத்துவங்களையும் இணைத்தது அறிவின் வெளிச்சத்தில். நாமோ மருத்துவரிடம் மறைத்து இணைக்கிறோம். சர்க்கரை மாத்திரையோடு பாகற்காய்ச் சாற்றையும் வெந்தயத்தையும் அளவின்றிச் சேர்த்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம். அதிமதுரத்தைத் தொடர்ந்து உண்டால் இரத்த அழுத்தம் ஏறும். மாத்திரை உண்டும் பயனிராது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் பூண்டு லேகியத்தை மிகுதியாக உண்டால் இரத்தக்கசிவு நேரலாம். பச்சிலைதானே, தீங்கு செய்யாது என்னும் எண்ணம் தவறு. நோயைக் குணமாக்கும் ஆற்றல் உள்ள பொருளுக்குத் தீங்கு செய்யும் ஆற்றலும் உண்டு.

எனவே, ஹகீமிடம் செல்லும்போது ஆங்கில மருந்துச் சீட்டையும் கொண்டு செல்லுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது கஷாயத்தையும் லேகியத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். எவரையும் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அல்லவா?

நோயையும் நிவாரணத்தையும் படைத்த வல்ல அல்லாஹ், நம் அனைவருக்கும் பூரண உடல்நலத்தையும் தெளிந்த அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.